கொலம்போ கேள்வி பதில்: முதல் கொலை யாருடைய யோசனை?

போன இதழில், கொலம்போ என்ற போலீஸ் துப்பறிவாளர் கொலைகாரர்களை மடக்கும் 'கொலம்போ' என்ற அமெரிக்க டிவி தொடரின் 'மர்டர் பை தி புக்' எபிசோடைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களைப் பார்த்தால் ஆளுக்கொரு பக்கம் நின்று மல்லுக்கட்டியிருக்கிறீர்கள். சந்தோஷம். இந்த இதழில் பகுதி முழுக்க அதற்கே.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கென் ஃபிராங்க்ளினும் ஜிம் ஃபெர்ரிஸும் கூட்டாக மர்ம நாவல் எழுதிப் பெயர் வாங்கியவர்கள். உண்மையில் எழுதுவது முழுக்க ஜிம்தான். கென் பேட்டி கொடுப்பார், பார்ட்டிக்குப் போவார், போட்டோவுக்குச் சிரிப்பார். இனிமேல் தனியாக எழுதப் போகிறேன் என்று ஜிம் சொன்னதும், கென் அவரை சான் டியேகோ பக்கம் இருக்கும் தன் ஏரிக்கரை வீட்டுக்கு அழைத்துப் போகிறார். லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் மனைவிக்கு போன் போட்டு "ஆபீஸில்தான் இருக்கிறேன், வர நேரமாகும்" என்று ஜிம்மைச் சொல்ல வைத்து, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே சுட்டுவிடுகிறார். துப்பாக்கிச் சத்தம் ஆபீஸில் கேட்டது என்றுதான் மனைவி நம்புகிறாள். அதற்கு ஏற்ற மாதிரி ஆபீஸையும் முன்கூட்டியே கலைத்துப் போட்டு வைத்திருக்கிறார் கென்.

கேள்வி: கொலைகாரன் யார் என்று ஆரம்பத்திலேயே காட்டிவிட்டால், அப்புறம் மீதிப் படத்தில் பார்க்க என்ன சார் இருக்கிறது? (திருச்சி வாசகர்)

பிடிபடுவதைப் பார்க்கலாம். யார் செய்தது என்ற கேள்விக்கு ஆயுள் ஒரு தடவைதான், விடை தெரிந்த பிறகு மறுபடி பார்க்கத் தோன்றாது. எப்படி மாட்டுகிறான் என்பது அப்படியில்லை, பத்தாவது தடவையும் உட்கார வைக்கும். இதை கொலம்போ கண்டுபிடிக்கவில்லை. ஆஸ்டின் ஃப்ரீமன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1912-லேயே கதையைத் தலைகீழாகச் சொல்லும் இந்த முறையைச் சிறுகதைகளில் செய்து காட்டிவிட்டார். கொலம்போவை உருவாக்கிய ரிச்சர்ட் லெவின்சனும் வில்லியம் லிங்கும், 'குற்றமும் தண்டனையும்' நாவலில் வரும் விசாரணை அதிகாரி போர்ஃபிரியை மனதில் வைத்தே இந்த ஆளைச் செதுக்கியதாகச் சொல்லியிருக்கிறார்கள். போர்ஃபிரியும் இப்படித்தான், சம்பந்தமில்லாததைப் பேசிப் பேசியே எதிராளியை அரித்துவிடுவார்.

கேள்வி: முடிவு ரொம்ப பலவீனம். ஒரு துண்டுக் காகிதத்தைக் காட்டியதும் ஒருவன் குற்றத்தை ஒப்புக்கொள்வானா? எந்தக் கோர்ட்டில் அது நிற்கும்? (மதுரையிலிருந்து ஒரு வழக்கறிஞர்)

வந்த கடிதங்களிலேயே அதிகம் பேர் கேட்டது இதுதான் ஐயா. கோர்ட் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. நிற்காது. ஆனால் முடிவு பலவீனம் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது, ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கென் செய்வது இரண்டு கொலை. முதலாவது கச்சிதம், அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பார்த்தாலும் எளிதில் ஓட்டை தெரியாது. இரண்டாவது? ஜிம்மைக் கென்னின் காரில் பார்த்துவிட்ட கடைக்காரப் பெண்மணி லில்லி பணம் கேட்கிறாள், ஷாம்பெயின் பாட்டிலால் தலையில் ஒரே அடி, உடலைப் படகில் ஏற்றி ஏரியில் தள்ளுகிறார். அவசரக் கோலம். கொலம்போ மடக்குவது இங்கேதான். முதல் கொலையில் அத்தனை மூளை வைத்திருந்தவன் இரண்டாவதில் ஏன் இப்படிச் சொதப்பினான்? இரண்டையும் செய்த கை ஒன்று, ஆனால் முதலாவதை யோசித்த மூளை வேறு. அது யாருடையது? வாழ்நாளெல்லாம் யார் யோசித்தாரோ அவருடையது, செத்துப்போன ஜிம்முடையது. துண்டு துணுக்கில் எல்லாம் எதையாவது குறித்து வைக்கும் ஆள் ஜிம் என்று அவர் மனைவி ஜொவானாவே சொல்லியிருக்கிறாள். போய்க் காகிதங்களைக் கிளறினால், தொலைவில் உள்ள வீடு, மனைவிக்கு போன், ஆபீஸில் இருப்பதாகப் பொய், சுடுவது என்று திட்டம் அப்படியே ஒரு சீட்டில் இருக்கிறது.

ஒருவன் எழுத்தைப் படித்து இது அவன் எழுதியதில்லை என்று கண்டுபிடிப்போமே, அதைக் கொலம்போ கொலையை வைத்துச் செய்கிறார். துப்பறியும் கதையில் இதைவிட அழகான யோசனையை நான் அதிகம் பார்த்ததில்லை.

அப்புறம் கென் என்ன சொல்கிறான் என்று கவனியுங்கள். அந்த யோசனை என்னுடையது, என் வாழ்க்கையில் உருப்படியாகத் தோன்றிய ஒரே யோசனை அதுதான், அஞ்சு வருஷம் முன்னால் ஜிம்மிடம் சொன்னேன், அதை எழுதி வைப்பான் என்று யார் கண்டது என்கிறான். வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருக்கலாம். ஆனால் இத்தனை வருஷமும் இன்னொருத்தர் எழுத்தில் தன் பெயரைப் போட்டுக்கொண்டவன், உண்மையிலேயே தனக்கென்று இருந்த ஒரே ஒரு சரக்கும் ஜிம்முடையது என்று பேர் ஆவதைத் தாங்க முடியாமல் வாயைத் திறக்கிறான். வழக்கு விழலாம், அந்த இடத்தில் ஆள் விழுந்துவிட்டான். கென்னாக நடித்த ஜாக் காஸிடி அதைச் சொல்லும்போது அதுவரை இருந்த பகட்டெல்லாம் வடிந்துபோய் முகம் வெறுமையாக இருக்கும், அதற்காகவாவது இன்னொரு தடவை பாருங்கள்.

காகிதம் மட்டுமே துப்பு என்பதும் சரியில்லை. ஜிம்மின் உடலைத் தன் வீட்டுப் புல்வெளியில் தானே போட்டுவிட்டுப் போலீஸுக்கு போன் செய்த கென், அவர்கள் வரும்வரை என்ன செய்தான்? வந்திருந்த தபால்களைப் பிரித்துப் பார்த்தான். வாசலில் சிநேகிதன் பிணமாகக் கிடக்கிறான், உள்ளே உட்கார்ந்து பில் கவரைக் கிழிக்க யாருக்காவது கை வருமா? அதேபோல நண்பனைக் காணோம் என்று தகவல் வந்ததும், விமானத்தில் சீக்கிரம் வந்திருக்கலாமே, ஏன் காரில் வந்தாய் என்றும் கொலம்போ துளைக்கிறார். காரின் டிக்கியில்தானே உடல் இருந்தது! சின்னச் சின்ன விஷயங்கள்தான், ஒவ்வொன்றாகச் சேர்ந்து கழுத்தை இறுக்குகின்றன.

கேள்வி: லில்லியைக் கொன்றதை என்னால் பார்க்கவே முடியவில்லை. பணம் கேட்டது தப்புதான், அதற்காக அவள் மேல் இரக்கமே இல்லாமல் எழுதிவிட்டீர்களே? (தஞ்சாவூர் வாசகி)

நியாயமான கோபம் அம்மா. இரண்டு பத்தியில் அவளுக்கு ஒரு வரிகூட நான் ஒதுக்கவில்லை, அது என் குறை. அவள் பேராசைக்காரி இல்லை. காட்டோரத்தில் தனியாகக் கடை வைத்திருப்பவள், இந்தப் புகழ்பெற்ற எழுத்தாளர் மேல் அவளுக்கு ஒரு ஆசையும் இருக்கிறது. மிரட்டிப் பணம் கேட்கும்போதுகூட அவள் குரலில் ஒரு வெட்கம் இருக்கும். அவன் விருந்துக்கு வருகிறான் என்று சந்தோஷப்படுகிறாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டே அவன் பாட்டிலைக் கையில் எடுப்பான் என்பதுதான் நம்மைக் குத்துகிறது. ஜிம்மின் கொலையில் நமக்குக் கொஞ்சம் புதிர் ருசி இருக்கிறது, இதில் அது துளிகூட இல்லை. இருக்கக்கூடாது என்றுதான் அப்படி எடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

லில்லியாக நடித்த பார்பரா கோல்பியை 1975-ல் லாஸ் ஏஞ்சலிஸில் யாரோ சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அந்த வழக்கில் இன்றுவரை யாரும் பிடிபடவில்லை. அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த விருந்துக் காட்சி வந்தாலே எனக்கு மனசு கனத்துவிடுகிறது.

கேள்வி: ஸ்பீல்பெர்க் எடுத்தது என்பதால்தானே இத்தனை கொண்டாட்டம்? வேறு யாராவது எடுத்திருந்தால் பேசியிருப்பீர்களா? (கோவை)

படம் எடுத்தபோது அவருக்கு 24 வயது, பெயர் தெரியாத பையன். 1971 செப்டம்பர் 15-ம் தேதி இது ஒளிபரப்பானபோது அவருடைய 'டூயல்' படம்கூட வெளிவரவில்லை. அதனால் பெயரை மறந்துவிட்டு முதல் சில நிமிடம் மட்டும் பாருங்கள். பின்னணி இசை கிடையாது. உயரமான கட்டடத்தில் ஜிம் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருக்கிறார். கீழே தெருவில் கென்னின் கார் வருகிறது. காரின் சத்தம் நமக்குக் கேட்பதில்லை, மாடியில் அடிக்கும் டைப்ரைட்டர் சத்தம்தான் தெருவிலும் கேட்கிறது. டக் டக் டக் என்று அவர் கதை எழுத எழுத, அவருடைய சாவு கீழே வந்து வண்டியை நிறுத்துகிறது. ஒரு வார்த்தை வசனம் இல்லை. அன்றைய டிவியில் வாரா வாரம் அவசரமாக எடுத்துத் தள்ளிய காலத்தில் இப்படி யோசித்தது பெரிய விஷயம். இன்னொன்று, ஸ்டீவன் போச்கோவின் திரைக்கதைக்கும் இதில் சம பங்கு உண்டு, அவரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: இன்றைக்கு செல்போன் இருக்கும்போது இந்தக் கதை எடுபடுமா? (சேலம்)

எடுபடாது. யார், எங்கிருந்து கூப்பிட்டார் என்று தெரியாத அந்தக் காலத்து போனை நம்பித்தான் கென் திட்டமே போடுகிறான். ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த தலைமுறைக்கு உடனே புரியும், பிள்ளைகளுக்கு ஒரு வரி விளக்கிவிட்டால் போதும்.

கேள்வி: உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு காட்சி? அடுத்து எதைப் பார்க்கலாம்? (நாகர்கோவில் வாசகி)

ஆம்லெட் காட்சி. கணவனுக்கு என்ன ஆயிற்று என்றே தெரியாமல் ஜொவானா ராத்திரி முழுக்கத் தவிக்கிறாள். கொலம்போ அவளை வீட்டுக்குக் கூட்டிப் போய், நேராக அடுப்படிக்குள் நுழைந்து, எனக்குச் சமையல் வராது, ஆம்லெட் மட்டும் நன்றாகப் போடுவேன் என்று சொல்லி முட்டையை உடைக்க ஆரம்பித்துவிடுகிறார். பாத்திரம் எங்கே, அது எங்கே இது எங்கே என்று கேட்டுக்கொண்டே நடுநடுவே ஜிம்மைப் பற்றியும் கென்னைப் பற்றியும் கேட்கிறார். விசாரணைதான், ஆனால் சாப்பிடாத ஒரு பெண்ணுக்கு ஏதாவது போட்டுக் கொடுக்க வேண்டும் என்ற அக்கறையும் பொய்யில்லை. கொலம்போவாக நடித்த பீட்டர் ஃபால்க் இரண்டையும் ஒரே முகத்தில் வைத்திருப்பார்.

அடுத்து ஜாக் காஸிடி கொலைகாரனாக வரும் மற்ற இரண்டையும் பாருங்கள். 1974-ல் வந்த 'பப்ளிஷ் ஆர் பெரிஷ்' எபிசோடில் அவர் பதிப்பாளர், சாகிற எழுத்தாளராக நிஜ மர்ம நாவலாசிரியர் மிக்கி ஸ்பிலேனே நடித்திருக்கிறார். 1976-ல் வந்த 'நவ் யூ ஸீ ஹிம்' எபிசோடில் மந்திரவாதி. அதிலும் ஒரு டைப்ரைட்டர் வருகிறது, கண்ணை அதன் மேலேயே வைத்திருங்கள். அந்த வருஷ டிசம்பரில் காஸிடி ஒரு தீ விபத்தில் இறந்துபோனார், அதற்கப்புறம் கொலம்போவுக்கு எதிரே நிற்க அவர் திரும்பி வரவேயில்லை.