குழுவுக்கு வெளியே விசுவாசம் உள்ள கதாபாத்திரத்தை எப்படிச் சேர்ப்பது?

ஆளுக்கொரு கதாபாத்திரமாகி மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கதை ஆடும் விளையாட்டில் (role-playing game) உங்கள் கதாபாத்திரம் ஒரு திருடர் சங்கத்துக்குக் கட்டுப்பட்டவள், அவளை மற்ற நால்வரோடு எப்படி ஒட்டவைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அவள் சங்கத்து ஆள் என்ற ரகசியத்தை உடைத்துவிடுங்கள். கதாபாத்திரங்களுக்குத் தெரிய வேண்டாம், மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியட்டும். பத்தாவது அமர்வில் திடீரென்று முதுகில் குத்திவிட்டு, "அவள் அப்படித்தான் செய்வாள்" என்றால் எடுபடாது. அவளை உருவாக்கியதே நீங்கள்தானே! (நானும் ஒருமுறை இப்படிச் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.)

அப்புறம், சங்கத்தின் வேலையும் குழுவின் வேலையும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளும்படி அமைக்க முடியுமா என்று கதையை நடத்தும் கேம் மாஸ்டரிடம் பேசுங்கள். குழு இளவரசனை மீட்கக் கோட்டைக்குள் நுழைகிறது. அதே கோட்டையில் உள்ள கணக்குப் புத்தகம் சங்கத்துக்கு வேண்டும். மணி அடித்துவிட்டது, ஒன்றுக்குத்தான் நேரமிருக்கிறது. புத்தக அலமாரி முன் அவள் ஒரு கணம் நிற்கிறாளே, எல்லோரும் நிமிர்ந்து உட்காருவது அங்கேதான். அவள் மட்டும் தனியாக நழுவிப்போகும் நீண்ட காட்சிகள் வேண்டாம். மற்றவர்கள் பகடையை உருட்டிக்கொண்டு கொட்டாவி விடுவார்கள்.

இவ்வகை விளையாட்டுகளில் ஒன்றான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 விதிகளில், கதாபாத்திரத்தின் பின்னணியோடு 'பிணைப்பு' (bond) என்றும் ஒன்றை, அதாவது அவள் யாரோடு அல்லது எதோடு கட்டுண்டிருக்கிறாள் என்பதை, எழுதச் சொல்வார்கள். அதில் சங்கத்தை எழுதினால், குழுவில் ஒருவருக்கு அவள் பட்ட நன்றிக்கடனையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.