டேப்லெட் வருகிறது, ஆலோசகரை எப்படி எடுப்பது?

கேள்வி: செஞ்சிப் பக்கம் ஆறு மாலை நேரப் படிப்பு மையங்கள் நடத்துகிறோம். பெரும்பாலும் இருளர் குடியிருப்புப் பிள்ளைகள். மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை 180 பேர். ஒரு நிறுவனம் தன் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதியில் 60 டேப்லெட் தருகிறது. கூடவே ‘டிஜிட்டல் கற்றல் ஆலோசகர்’ ஒருவரை அமர்த்திக்கொள்ள ஓராண்டுக்கு 4 லட்சம் ரூபாய். ஆசிரியர்களை எடுத்துப் பழக்கமுண்டு, ஆலோசகரை எடுத்ததில்லை. விளம்பரத்தில் என்ன எழுதுவது, யாரைத் தேர்ந்தெடுப்பது, ஒப்பந்தத்தில் எதைக் கவனிப்பது?

பதில்: விளம்பரம் எழுத உட்காருவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் உங்கள் மையம் ஒன்றில் போய் உட்காருங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேரைக் கூப்பிட்டு, இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை ஒவ்வொருவராக வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்து தெரிகிறதா, சொல்லாகச் சேர்க்க வருகிறதா, ஒரு பத்தி தடங்கலில்லாமல் ஓடுகிறதா என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் வாசிப்பை அளக்கும் அசர் ஆய்வில் வீடு வீடாகப் போய்ச் செய்வது ஏறக்குறைய இதுதான். தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிப்பதும் இதற்காகத்தான். அந்த நோட்டில் இருப்பதுதான் உங்கள் விளம்பரத்தின் முதல் வரி.

‘டிஜிட்டல் கற்றல் ஆலோசகர்’ என்ற பெயருக்குள் நாலு வேலை ஒளிந்திருக்கிறது. பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து அதற்கேற்ற பாடத்தைப் பொறுக்கிக் கொடுப்பது ஒன்று. கருவிகளை அமைத்து, பழுதானால் சரிசெய்து, ஓடவைப்பது ஒன்று. மையத்தில் பாடம் எடுக்கும் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பது மூன்றாவது. நிதி தந்தவர்களுக்கு அளந்து அறிக்கை எழுதுவது நாலாவது. நாலும் நன்றாக வரும் ஒருவரை என் அனுபவத்தில் ஓரிரு முறைதான் பார்த்திருக்கிறேன். அவர்கள் உங்கள் 4 லட்சத்துக்குக் கிடைக்கமாட்டார்கள். எல்லாம் தெரிந்திருக்க வேண்டும், வீடியோ எடிட்டிங்கும் வர வேண்டும், இந்தியும் தெரிந்தால் நல்லது என்று போட்டால், விளம்பரத்தை முழுதாகப் படிக்காதவர்கள்தான் பயோடேட்டா அனுப்புவார்கள்.

நாலில் எதை விடக்கூடாது? முதலாவதை. பெரு நாட்டில் ‘குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ என்று கிராமப்புறப் பள்ளிகளில் லட்சக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு ஆராய்ந்தபோது கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் ஏறியதாகத் தெரியவில்லை. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்து நடந்த ஆய்வு 2019-இல் வெளியானது. பள்ளி முடிந்தபின் ஒன்றரை மணி நேரம். அதில் பாதி நேரம் கணினி, பாதி நேரம் சின்னக் குழுவாக ஆசிரியருடன். மென்பொருள் ஒவ்வொரு பிள்ளையும் நிற்கும் படியைக் கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்கியது. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம். இரண்டு இடத்திலும் கணினி இருந்தது. வகுப்பு எண்ணைப் பார்க்காமல் பிள்ளையின் படியைப் பார்த்ததும், பக்கத்தில் ஓர் ஆள் இருந்ததும்தான் டெல்லியில் கூடுதலாக இருந்தவை. உங்கள் ஆறாம் வகுப்புப் பையனுக்கு ஆறாம் வகுப்பு அறிவியல் வீடியோவைப் போட்டுக்காட்டும் ஆலோசகர் உங்களுக்கு வேண்டாம்.

புதிதாகப் பாடம் தயாரிக்கவும் ஆள் தேட வேண்டியதில்லை. பாடப்புத்தகத்தில் இருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் அரசின் பாடத் தளமான தீக்‌ஷா திறக்கிறது. 2023-இல் வந்த தமிழக அரசின் மணற்கேணி பாடச் செயலி இருக்கிறது, கல்வித் தொலைக்காட்சியின் வீடியோக்கள் இருக்கின்றன, ஸ்டோரிவீவர் இணையதளத்தில் படிநிலை பிரித்த தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடக்கின்றன. இணையம் எட்டாத இடத்துக்கு கொலிப்ரி மாதிரி ஆஃப்லைன் தளம் உண்டு. “உங்களுக்கென்றே ஒரு ஆப் செய்து தருகிறேன்” என்று வருபவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சரி, பணக் கணக்கு. 4 லட்சத்தையும் ஒருவருக்கே கொடுக்காதீர்கள். ஆலோசகருக்கு ஆண்டில் 40 நாள் போதும்: முதல் இரண்டு மாதத்தில் 16, அடுத்த பத்து மாதமும் மாதம் இரண்டு நாள், கடைசியில் அளவீட்டுக்கும் ஒப்படைப்புக்கும் 4. நாளுக்கு 5,000 என்று வைத்தால் 2 லட்சம். மீதியில் மாதம் 14,000-க்கு உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் ஒருவரை வையுங்கள், ஆண்டுக்கு 1,68,000. எஞ்சும் 32,000 போக்குவரத்து, மெமரி கார்டு, சார்ஜர் வகையறாவுக்கு. ஆனால் ஆலோசகர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவராக இருந்தால் 18 சதவீதம், அதாவது 36,000 மேலே ஏறும். உங்கள் கணக்கில் நாலாயிரம் இடிக்கும். ஆகவே ‘கட்டணம் எல்லா வரிகளும் உட்பட’ என்று விளம்பரத்திலேயே போட்டுவிடுங்கள். ஆண்டுக்கு 50,000-க்கு மேல் தொழில்முறைக் கட்டணம் கொடுத்தால் 10 சதவீதம் வருமான வரியை முன்கூட்டியே (டிடிஎஸ்) பிடிக்க வேண்டும். பான் எண் தராதவருக்கு 20. இதை உங்கள் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்.

நிதி தரும் நிறுவனம் ஒருவேளை “நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் கூடாது” என்று ஆலோசகர் கட்டணத்தில் கைவைக்கலாம். சிஎஸ்ஆர் விதியில் உள்ள அந்த 5 சதவீதம் நிறுவனம் தன் சிஎஸ்ஆர் வேலையைப் பொதுவாக நிர்வகிக்கச் செய்யும் செலவுக்கானது. குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைத்து நடத்துவதற்கும் மதிப்பிடுவதற்கும் நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது. பணிவாகச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

ஆட்களை எங்கே தேடுவது? வேலைவாய்ப்புத் தளங்களில் போட்டால் சென்னை, பெங்களூரு ஆட்கள் வருவார்கள். போடுங்கள், தப்பில்லை. ஆனால் கல்வித் துறையின் வட்டார வள மையங்களில் ஆசிரியர் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவர்களையும் விசாரியுங்கள். ஒருங்கிணைப்பாளருக்கு, அரசின் மாலை வகுப்புத் திட்டமான இல்லம் தேடிக் கல்வியில் வேலை பார்த்த தன்னார்வலர்களை விட்டால் வேறு யார்? 2021-இல் அந்தத் திட்டம் தொடங்கியதே உங்கள் மாவட்டத்தில், மரக்காணம் பக்கத்தில்தான். மாதம் ஆயிரம் ரூபாய்க்குத் தெருவிளக்கடியில் பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைத்த பெண்கள் உங்கள் ஊர்களிலேயே இருப்பார்கள்.

விளம்பர வாசகம் இந்த அளவுக்கு இருக்கட்டும்: “செஞ்சி வட்டாரத்தில் ஆறு மையங்களில் 180 பிள்ளைகள். ஆறாம் வகுப்பில் பத்தில் ஆறு பேருக்குத் தமிழில் ஒரு பத்தி வாசிக்க வரவில்லை. ஓராண்டில் இவர்களை வாசிக்கவைக்க 60 டேப்லெட்டுகளை எப்படிப் பயன்படுத்துவது என்று திட்டமிட்டு, 12 மையப் பணியாளர்களுக்குப் பயிற்சி தர ஆள் தேவை. 40 நாள் வேலை. மொத்தக் கட்டணம் 2 லட்சம், எல்லா வரிகளும் உட்பட. பயோடேட்டாவுடன் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள்: பொங்கல் கழிந்து குடும்பங்கள் செங்கல் சூளைக்குப் போய்விட்டால் இந்தப் பிள்ளைகளை என்ன செய்வீர்கள்?” பத்தில் ஆறு என்பது நான் உதாரணத்துக்குப் போட்டது, உங்கள் நோட்டில் இருப்பதைப் போடுங்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை வைத்தே பாதிப் பேரைக் கழித்துவிடலாம்.

நேர்காணலை அலுவலகத்தில் வைக்காதீர்கள். மூன்று பேரைப் பொறுக்கி, வந்துபோகும் செலவும் ஒரு நாள் கட்டணமும் கொடுத்து, சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மையத்துக்கே வரச்சொல்லுங்கள். இப்படி ஒரு தேர்வில் நானும் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். தகரக் கூரை. ஒரே ஒரு ப்ளக் பாயின்ட். அதில் தொங்கிய எக்ஸ்டென்ஷன் போர்டில் ஏழெட்டு சார்ஜர். நாலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியுடன் இருபது நிமிடம், இதுதான் தேர்வு. முதலில் வந்தவர் செயலியைத் திறந்து கதையை ஓடவிட்டார். அவள் படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். கடைசியில் ஆங்கிலத்தில் ‘சப்மிட்’ என்று ஒரு பொத்தான் வந்தது, நின்றுவிட்டாள். அவரே தன் விரலால் அழுத்திவிட்டு “வெரி குட்” என்றார்.

அடுத்து வந்த அம்மா டேப்லெட்டை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, “உன் பேரை எழுதிக் காட்டு கண்ணு” என்றார். எழுதினாள். ஒரு புள்ளி விடுபட்டிருந்தது. அதைத் தப்பென்று சொல்லாமல், மெய்யெழுத்து நிறைய வரும் சின்னக் கதை ஒன்றைத் தேடி எடுத்து, அவள் விரலை ஒவ்வொரு சொல்லின் கீழும் நகர்த்தி வாசிக்கவைத்தார். நடுவில் கரண்ட் போனது. திரை வெளிச்சம் இருந்ததால் இருவரும் நிமிரவே இல்லை. அந்த அம்மாவின் பயோடேட்டாவில் ‘டிஜிட்டல்’ என்ற சொல் ஓரிடத்தில்கூடக் கிடையாது. அவரைத்தான் எடுத்தார்கள்.

சிறுமி போனபிறகு மையப் பணியாளர்கள் இருவரை உட்காரவைத்து, ஏதாவது ஒரு விஷயத்தைச் சொல்லித்தரச் சொல்லுங்கள். டேப்லெட் யார் கையில் இருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். இருபது நிமிடமும் அவர் கையிலேயே இருந்தால் பயிற்சியும் அவர் கையோடு போய்விடும்.

ஒப்பந்தத்தில் பலர் கோட்டைவிடும் இடங்கள் உண்டு. ஆலோசகர் பயிற்சித் தாள்களோ வீடியோவோ செய்து தந்தால், காசு கொடுத்தது நாம்தானே, நமக்குத்தானே சொந்தம் என்று நினைப்போம். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்தில் இருக்கும் ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியதுதான், வேறு உடன்பாடு இல்லாதவரை, முதலாளிக்குப் போகும். ஆலோசகர் எழுதியது பொதுவாக அவருக்கே சொந்தம், எழுத்துமூலம் மாற்றிக் கொடுக்காதவரை. மாற்றிக் கொடுக்கும்போதும் எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் ஐந்தாண்டுதான், எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். ‘பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், உலகெங்கும்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தட்டும் என்று திறந்த உரிமத்தில் விட்டாலும் நல்லதே. அதையும் எழுதித்தான் செய்ய வேண்டும்.

மின்னஞ்சல் கணக்குகள் விஷயத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திட்டத்தில் 40 டேப்லெட்டுகளையும் ஆலோசகர் தன் சொந்த ஜிமெயிலில் பதிந்து அமைத்திருந்தார். ஆறு மாதத்தில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். நாங்கள் சிலவற்றை ரீசெட் செய்தோம். திறந்தால் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கிறது! திருட்டுப் போனால் உதவட்டும் என்று வைத்திருக்கும் பூட்டு அது. அவரைப் பிடித்துக் கெஞ்சி, ஒவ்வொன்றாகத் திறக்க மூன்று வாரம் ஆனது. அதுவரை எல்லாம் பீரோவில் கிடந்தன. அறக்கட்டளையின் பெயரில் மின்னஞ்சல் ஒன்று திறந்து, கடவுச்சொல் செயலாளரிடமும் இன்னொருவரிடமும் இருக்கட்டும்.

பணத்தை வேலையோடு கட்டுங்கள். தொடக்க அளவீடும் திட்டமும் கைக்கு வந்ததும் 20 சதவீதம், பணியாளர் பயிற்சி முடிந்ததும் 30, ஆறாம் மாதம் 30. கடைசி 20 சதவீதம், அதாவது 40,000, இறுதி அளவீட்டோடு எல்லாக் கடவுச்சொற்களும் கோப்புகளும் ஒப்படைத்த பிறகுதான். தினமும் வரவேண்டும், வருகைப் பதிவில் கையெழுத்துப் போட வேண்டும் என்றெல்லாம் எழுதாதீர்கள். அப்புறம் அவர் ஆலோசகரா ஊழியரா என்ற கேள்வி வரும். பிஎஃப் வரை போகும்.

பிள்ளைகளின் பாதுகாப்பில் மட்டும் எந்தச் சலுகையும் வேண்டாம். எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் காவல்துறைச் சரிபார்ப்பு வேண்டும். முன்பு வேலை பார்த்த இரண்டு இடத்துக்கு நீங்களே போன் போட்டு, “இவரைத் திரும்பக் கூப்பிடுவீர்களா?” என்று கேளுங்கள். பதிலுக்கு முன் வரும் மௌனத்தையும் கேளுங்கள். பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக்கூடாது, பிள்ளைகளின் படம் சொந்தப் போனில் இருக்கக்கூடாது என்று எழுதி வாங்குங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, அப்படிக் குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றம். அது ஆலோசகருக்கும் பொருந்தும், உங்களுக்கும் பொருந்தும் என்று அவருக்கு வாயாலும் சொல்லிவிடுங்கள்.

தரவும் அப்படித்தான். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ் எல்லோரும் குழந்தைகள். அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். சட்டம் படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகிறது, ஆனாலும் இப்போதே பழகிவிடுங்கள். செயலியில் பெயருக்குப் பதில் எண் போடலாம்: மையம் 3, பிள்ளை 14. எந்த எண் யாருடையது என்ற பட்டியல் உங்கள் பீரோவில் ஒரு நோட்டில் இருக்கட்டும். ஆதார் நகலும் சாதிச் சான்றிதழும் ஆலோசகர் கைக்கே போக வேண்டாம்.

காலம் பற்றி ஒன்று. சூளைக்குப் போகும் குடும்பங்கள் மழை தொடங்கும்போதுதான் திரும்புவார்கள். தையில் ஆலோசகரை எடுத்தால் தொடக்க அளவீட்டுக்குப் பாதிப் பிள்ளைகள் இருக்கமாட்டார்கள். ஆகஸ்டில் விளம்பரம், செப்டம்பரில் தேர்வு, காலாண்டு விடுமுறைக்குள் அளவீடு என்று வைத்துக்கொண்டால் மார்கழிக்குள் பயிற்சி முடிந்துவிடும். டேப்லெட் தாமதமாக வந்தால் வரட்டும், அளவீட்டுக்கு ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.