மாலை இருட்டியதும் நில அளவை ஜிபிஎஸ் தடுமாறுவது ஏன்?

கொழும்பில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் இரவு எட்டு மணிக்கு மேல், வானம் தெளிவாக இருந்தும் நில அளவை ஜிபிஎஸ் கருவி செய்மதிகளைத் தவறவிடுகிறது என்கிறீர்கள். கருவி பழுதென்று முடிவுகட்டுமுன் அயனி மண்டலத்தை, அதாவது சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற மேல் வளிமண்டல அடுக்கை, நினையுங்கள்.

பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாக இருக்கும் கோடான காந்த நடுக்கோட்டுக்குக் கொழும்பு மிக அருகில் இருக்கிறது. சூரியன் மறைந்ததும் அயனி மண்டலக் கீழடுக்கின் அயனிகள் இலத்திரன்களோடு சேர்ந்து விரைவில் இல்லாமற்போகின்றன. சுமார் 300 கிலோமீற்றர் உயரத்துப் பிளாஸ்மா (அயனிகளும் இலத்திரன்களும் கலந்த வாயு) மட்டும் அடர்த்தியாகத் தங்குகிறது. அந்திவேளையில் கிழக்கு நோக்கிய மின்புலம் சிறிதுநேரம் வலுப்பெற்று, அதை இன்னும் மேலே தூக்குகிறது. எண்ணெய்க்கு மேல் தண்ணீர் நிற்பது போன்ற நிலை, நிலைக்காது. கீழ் வளிமண்டலத்திலிருந்து வரும் சிற்றலை ஒன்று போதும், அது வளர்ந்துகொண்டே போகும். ரேலி-டெய்லர் நிலையின்மை என்பது இதுதான்.

அடர்த்தி குறைந்த பிளாஸ்மா குமிழிகளாக எழுந்து, சிலவேளை 1000 கிலோமீற்றரையும் தாண்டும். எனக்கு மிகவும் வியப்பூட்டுவது அவற்றின் விளிம்புதான்: அது சில நூறு மீற்றர் அளவுத் துணுக்குகளாக உடைகிறது. 1575.42 மெகாஹேட்ஸ் ஜிபிஎஸ் அலையைச் சிதறடித்து, அதன் வலிமையையும் கட்டத்தையும் (அலையின் ஏற்ற இறக்க நிலையையும்) குலைப்பவை இந்தத் துணுக்குகளே. இதன் ரேடியோ அடையாளத்தை 1938-இலேயே பெரு நாட்டின் உவான்கயோவில் ஆய்வாளர்கள் புக்கரும் வெல்ஸும் பதிவுசெய்தார்கள்.

நம் பகுதியில் சம இரவுக் காலங்களில், அதுவும் சூரியச் செயற்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில், இது அதிகம். நள்ளிரவுக்குப் பின் பெரும்பாலும் தணியும். துல்லிய அளவீட்டைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.