சைக்கிள் மிதித்தால் இடுப்பு வலிக்கிறது, என்ன செய்வது?

பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் வரை மிதித்தால் பாதி வழியிலேயே முதுகின் அடிப்பகுதி பிடித்துக்கொள்கிறது, சைக்கிளை மாற்றணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்ற வேண்டாம், முதலில் சீட்டைப் பாருங்கள்.

சுவரைப் பிடித்தபடி சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை இறக்குங்கள். அப்போது கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்காலில் லேசான மடிப்பு இருக்கும், அதுதான் சரியான உயரம். சீட் இதைவிட உயரமாக இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமுமாக ஆடும், அந்த ஆட்டத்தைத் தாங்குவது முதுகுத் தசைதான், பிறகு வலிக்காமல் என்ன செய்யும்? எனக்கு ஒன்றரை விரல் இறக்கியதுமே பாதி வலி போய்விட்டது. ஹேண்டில்பார் எட்டாத தூரத்தில் இருந்தாலும் முதுகு வில்லாக வளையும், அதைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளுங்கள்.

அப்புறம் கியர். ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது மேற்கே அம்பாசமுத்திரம் பக்கம் போவது மலையேறுகிற மாதிரிதான், அதிலே வீம்புக்குக் கனமான கியரில் மிதிப்பார்கள் நம்மாட்கள்! லேசான கியருக்கு மாறி வேகமாகச் சுழற்றுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று மிதியுங்கள். வயிற்றுத் தசைக்கு பிளாங்க் (முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி நேராக நிறுத்துவது), தொடையின் பின்பக்கத்துக்கு நீட்சிப் பயிற்சி, இரண்டும் தினமும்.

வலி காலுக்கு இறங்கினாலோ மரத்துப்போனாலோ டாக்டரைப் பாருங்கள். சிறுநீர் கட்டுப்பாடு போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.