வழக்கு எண்ணிக்கை கூடினால் குற்றம் கூடியதாக அர்த்தமா?

“ஒரு நகரத்தில் பெண்கள் மீதான வன்முறை வழக்குகள் ஒரே ஆண்டில் இரு மடங்காகிவிட்டன. குற்றம் பெருகிவிட்டது என்றுதானே அர்த்தம்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

காவல்துறை இத்தகைய புகார்களை எப்படிக் கையாளுகிறது என்பதுதான் என் ஆய்வு. அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வழக்கு பதிவாக வேண்டுமென்றால், அடிபட்டவர் வாய்திறக்க வேண்டும். காவல் நிலையம் வரை போக வேண்டும். அங்கே இருப்பவர் ‘குடும்பத் தகராறு’ என்று திருப்பி அனுப்பாமல் எழுத வேண்டும். இவற்றில் எது மாறினாலும் எண்ணிக்கை மாறும், வீட்டுக்குள் விழும் அடி கூடாமல் குறையாமல் இருந்தாலும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 28 நாடுகளில் சுமார் 42,000 பெண்களிடம் நேரில் கேட்டு 2014இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. துணைவர் செய்த வன்முறைகளில் மிகக் கடுமையானதைக்கூடக் காவல்துறையிடம் சொன்னவர்கள் 14 சதவீதம்தான். மீதிப் பேரில் பெரும்பாலோர் காவல்துறைப் பதிவேட்டில் இல்லை.

எழுதும் கை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு மத்தியப் பிரதேசம் நல்ல சான்று. அங்கே 180 காவல் நிலையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் அவற்றில் சில நிலையங்களில் மட்டும் பெண்கள் உதவி மையம் அமைத்து ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2022இல் வெளிவந்த முடிவுப்படி, மையம் இருந்த நிலையங்களில் பாலின வன்முறை வழக்குகள் அதிகம் பதிவாயின. பெண் அதிகாரிகள் நடத்திய மையங்களில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. எண்ணை மட்டும் பார்க்கும் மேலதிகாரி முதலில் கண்டித்திருக்கக்கூடியதும் இந்த நிலையங்களைத்தான்!

அதற்காக, கூடினாலே நல்லது என்று நான் வாதாடவில்லை. பதிவான வழக்குகளில் எத்தனை ‘சமரசம்’ என்று முடிந்தன, ஒரே முகவரியிலிருந்து எத்தனை முறை அழைப்பு வந்தது என்று தேடுவேன். கொலை எண்ணிக்கையும் உதவும், உடலை மறைப்பது கடினம் என்பதால். ஆனால் தற்கொலை, விபத்து என்று மூடிய கோப்புகளைப் புரட்டாமல் அதையும் நம்ப மாட்டேன்.

உங்கள் நகரத்தில் அந்த ஆண்டு உதவி எண்ணோ கட்டாயப் பதிவு உத்தரவோ புதிதாக வந்ததா என்று பாருங்கள். வந்திருந்து, மருத்துவமனைக்குக் காயத்தோடு வரும் பெண்களின் எண்ணிக்கை பழையபடியே இருந்தால், அதிகம் பேர் புகார் கொடுக்கத் துணிந்திருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்வேன். அதுவும் சேர்ந்து ஏறியிருந்தால் உங்கள் பயம் நியாயமானது.