வெள்ளிப் பற்று உருண்டு நிற்கிறதா?

கோடை வகுப்பில் 14 வயது மகள் செய்யும் வெள்ளி மோதிரத்தில், பற்று (முனைகளை இணைக்க உருக்கி ஓடவிடும் உலோகக் கலவை) உருகியும் இணைப்புக்குள் ஓடாமல் உருண்டை உருண்டையாக நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அநேகமாகச் சுடரைப் பற்றின் மேலேயே காட்டுகிறாள். மோதிரம் முழுவதும் சூடேற வேண்டும். சூடு இருக்கும் பக்கம்தான் பற்று ஓடும்.

அதற்கு முன்னால் இணைப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மயிரிழை ஒளி தெரிந்தாலும் மறுபடி அராவிப் பொருத்த வேண்டும். அப்புறம் உப்புத்தாளால் தேய்த்து, விரல் படாமல், பற்று ஓட உதவும் வெங்காரம் (போராக்ஸ்) பூசட்டும். அது பொங்கி வெளுத்து, பிறகு கண்ணாடி போலாகும். வெள்ளி மங்கலாகச் சிவக்கும்போது பற்று பளிச்சென்று கோடாக ஓடும். அந்த நொடியே சுடரை விலக்க வேண்டும். 92.5 வெள்ளி (92.5 சதவீதம் வெள்ளி உள்ள நகைக் கலவை) 800 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளக ஆரம்பித்துவிடும். என் முதல் மோதிரம் அப்படித்தான் கட்டியாகிப் போனது!