பின்வளவில் காட்டுத் தாரா கூடு கட்டினால் என்ன செய்வது?

கேள்வி: நாங்கள் ரொறொன்ரோவில், ஸ்காபரோவில் இருக்கிறோம். பின்வளவில், நீச்சல் தடாகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சீடர் மர வேலியின் அடியில் மண்ணிறக் காட்டுத் தாரா ஒன்று ஒன்பது முட்டை இட்டிருக்கிறது. சில நாட்களில் மணிக்கணக்காக அதைக் காணவில்லை. முட்டைகளைக் கைவிட்டுவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. வீட்டில் நாய் உண்டு. மாமி தினமும் சோறும் பாணும் கொண்டுபோய் வைக்கிறார். ஜூன் முதல் வாரத்தில் மகனின் பிறந்தநாளைப் பின்வளவில் கொண்டாட நினைத்திருந்தோம். கூட்டை அப்படியே தூக்கி ரூஜ் ஆற்றுப் பக்கம் வைத்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து தூக்காதீர்கள். கூட்டை ஆற்றங்கரைக்கு இல்லை, பக்கத்து வளவுக்கு மாற்றினாலும் தாய் தேடிப் போகாது. திரும்பவும் அதே சீடர் அடிக்குத்தான் வரும். வெறும் மண்ணைப் பார்த்துவிட்டுப் போய்விடும். முட்டைகள் குளிர்ந்து செத்துவிடும். சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. உங்கள் வளவில் இருப்பது மலார்ட் தாரா. கனடாவும் அமெரிக்காவும் வலசைப் பறவைகளைக் காக்க 1916இல் செய்துகொண்ட உடன்படிக்கையின் கீழ் வருகிற பறவை. இன்று நடைமுறையில் இருக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, முட்டையோ குஞ்சோ இருக்கும் கூட்டை மத்திய அரசின் அனுமதி இல்லாமல் கலைப்பது குற்றம். வளவு உங்களுடையதாக இருந்தாலும் அப்படித்தான்.

பெரும்பாலும் இதில் நீங்கள் செய்ய வேண்டிய வேலை மிகக் குறைவு. நான்கு கிழமை விலகி இருக்க வேண்டும். கடைசியில் ஒரு நாள் மட்டும் விழிப்பாக இருக்க வேண்டும். அந்த ஒரு நாளுக்கான ஆயத்தத்தை இப்போதே தொடங்கலாம். உங்கள் வீட்டில் தடாகம் இருப்பதால் அந்த ஆயத்தம் மிக முக்கியம்.

முதலில் தாய் காணாமல் போவது பற்றி. மலார்ட் நாளுக்கு ஒரு முட்டைதான் இடும். வந்து, இட்டு, சருகால் மூடிவிட்டு, நீர்நிலைக்குப் போய்விடும். ஒன்பது முட்டை சேர ஒன்பது பத்து நாள் ஆகும். அந்த நாட்களில் நீங்கள் எட்டிப் பார்க்கும் போதெல்லாம் கூடு அநாதையாகத்தான் தெரியும். முட்டைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அடை தொடங்கும் வரை உள்ளே கரு வளராமல் காத்திருக்கும். கடைசி முட்டையை ஒட்டித்தான் தாய் அடை கிடக்கத் தொடங்கும். அதனால்தான் பத்து நாள் இடைவெளியில் இட்ட முட்டைகள் எல்லாம் ஒரே நாளில் பொரிக்கின்றன.

அடை தொடங்கிய பிறகும் காலையும் மாலையுமாக ஒன்றிரண்டு தடவை எழுந்து போய் இரை தேடி, குளித்துவிட்டு வரும். போகும் முன் ஒரு வேலை செய்யும், பார்க்கக் கிடைத்தால் பாருங்கள். தன் நெஞ்சிலிருந்து பிடுங்கிக் கூட்டின் விளிம்பில் அடுக்கி வைத்திருக்கும் சாம்பல் நிறப் பஞ்சுச் சிறகை அலகால் உள்ளே இழுத்து, முட்டை ஒன்றும் வெளியே தெரியாமல் போர்த்தும். முட்டையின் சூடும் போகாது, காகத்தின் கண்ணிலும் படாது. ஆகவே பஞ்சு மூடியிருந்தால் தாய் தானாகப் போயிருக்கிறது, வந்துவிடும். முட்டைகள் திறந்து கிடந்தால் ஏதோ பயந்து பறந்திருக்கிறது. வளவு அமைதியானால் அப்போதும் பெரும்பாலும் திரும்பி வரும்.

பச்சைத் தலை ஆண் தாராவைத் தேடாதீர்கள். அடை தொடங்கியதும் அது போய்விடும், பிள்ளை வளர்ப்பில் அதற்குப் பங்கு இல்லை.

கூட்டுக்குக் கிட்டப் போய்ப் பார்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். மனித வாடை பட்டால் தாய் முட்டையை விட்டுவிடும் என்று நம்மவர்கள் சொல்வதை நான் பெரிதாக எடுப்பதில்லை. ஆனால் திரும்பத் திரும்ப ஆள் வந்து எழுப்பினால் விட்டுவிடும், அதிலும் அடையின் தொடக்க நாட்களில். ஜன்னலில் இருந்து பாருங்கள். கமரா இருந்தால் தள்ளி ஓரிடத்தில் வையுங்கள். இரண்டு முழு நாள் தாய் ஒரு தடவைகூட வரவில்லை என்று கமராவில் தெரிந்தால் அப்போது உதவி கேட்கலாம். முட்டைகளை எடுத்து வீட்டில் விளக்கு வைத்துப் பொரிக்க வைக்கும் யோசனை வேண்டாம். சட்டப்படியும் கூடாது, பொரித்தாலும் தாய் இல்லாத ஒன்பது குஞ்சுகளை வளர்ப்பது வீட்டில் ஆகிற காரியம் இல்லை.

நாயைக் கயிற்றில் கட்டி முன்பக்கத்தால் கூட்டிப் போங்கள். பின்வளவில் விடத்தான் வேண்டும் என்றால் வளவின் மறுபாதியில் தற்காலிக வலை அடித்து அதற்குள் விடுங்கள். வலை நாயைச் சுற்றித்தான் இருக்க வேண்டும், கூட்டைச் சுற்றி அல்ல. கூட்டைச் சுற்றி அடைத்தால் கடைசியில் குஞ்சுகள் உள்ளே சிக்கிக்கொள்ளும். புல் வெட்டும் இயந்திரத்தைக் கூட்டுக்கு மூன்று நான்கு மீட்டருக்குள் கொண்டுபோகாதீர்கள். புல் வளர்ந்தால் வளரட்டும்.

மாமியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பசித்த உயிருக்குச் சோறு வைக்கும் கை நல்ல கை. ஆனால் இங்கே அந்தச் சோறு தாராவுக்கு முன் ரக்கூனுக்குப் போய்ச் சேரும். இரவில் சோற்று மணத்துக்கு வரும் ரக்கூனும் ஸ்கங்கும் பக்கத்திலேயே ஒன்பது முட்டையைக் கண்டால் விடுமா? தாய்க்கு வேண்டியது பாண் இல்லை. நீர்ப்பூச்சி, நத்தை, விதை எல்லாம் அதுவே போய்த் தேடிக்கொள்ளும். தண்ணீர்க் கிண்ணமும் கூட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம், அதுவும் மற்ற விலங்குகளைக் கூப்பிடும்.

இனித் தடாகம். என் கவலை எல்லாம் இதில்தான்.

குஞ்சுகள் பொரித்து ஒரு நாளுக்குள் நடக்கும், நீந்தும். தண்ணீரைக் கண்டால் தாய் இறங்கும், பின்னாலேயே ஒன்பதும் குதிக்கும். இறங்குவது சுலபம், ஏறுவதுதான் முடியாது. தண்ணீர் மட்டத்துக்கும் தடாக விளிம்புக்கும் இடையில் ஒரு சாண் உயரம் இருந்தாலே ஒரு நாள் குஞ்சால் ஏற முடியாது. தாய் வெளியே ஏறி நின்று கூப்பிடும். குஞ்சுகள் சுவரை ஒட்டியே சுற்றிச் சுற்றி நீந்திக் களைத்து, உடல் குளிர்ந்து, ஒவ்வொன்றாக மூழ்கும். அதைவிட மோசமானது ஸ்கிம்மர், தண்ணீரில் மிதக்கும் குப்பையை உள்ளே இழுக்கத் தடாகச் சுவரில் இருக்கும் வாய். பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் விளிம்போரம் நீந்தும் குஞ்சை அந்த வாய் உள்ளே இழுத்துவிடும்.

தடாகம் இன்னும் குளிர்கால மூடியோடு இருந்தால் இந்த வருடம் அதைத் திறப்பதைக் குஞ்சுகள் போகும் வரை தள்ளிப் போடுங்கள். மூடியின் மேல் தேங்கிய மழைத் தண்ணீரைப் பம்ப் வைத்து இறைத்துவிடுங்கள். ஏப்ரலில் அந்தத் தேங்கிய தண்ணீரைப் பார்த்துத்தான் சோடித் தாராக்கள் உங்கள் வளவைக் குளம் என்று நினைத்து வந்திருக்கும். மூடியின் ஓரங்களில் குஞ்சு நுழையும் இடைவெளி இருந்தால் அடையுங்கள்.

ஏற்கெனவே திறந்தாகிவிட்டதா? சரி, அப்படியானால் ஒரு சாய்வுப் பலகை வையுங்கள். ஒரு அடியாவது அகலமான பலகையில் பழைய துவாயையோ கம்பளத் துண்டையோ இறுக்கிச் சுற்றுங்கள், வழுவழுப்பான பலகையில் குஞ்சின் கால் பிடிக்காது. ஒரு முனை தண்ணீருக்குள் நன்றாக அமிழ வேண்டும், மறுமுனை விளிம்பில் அசையாமல் கட்டப்பட வேண்டும். சாய்வு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. குஞ்சுகள் சுவரோரமாகவே நீந்துவதால் பலகையைச் சுவரை ஒட்டிச் சாய்த்தால் அதில் தானாகவே முட்டும், நடுவில் நீட்டி வைத்தால் கவனிக்காமல் கடந்து போகும். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று இருந்தால் இன்னும் நல்லது. விளிம்பு வரை தண்ணீரை நிரப்பிவிடுவதும் உதவும். குஞ்சுகள் தண்ணீரில் இருக்கும் நேரம் முழுக்கப் பம்ப் நிற்க வேண்டும். வலைக்கரண்டியால் துரத்திப் பிடிக்கப் போகாதீர்கள். பயந்தால் முக்குளித்து முக்குளித்தே களைத்துவிடும்.

குஞ்சு எப்போது வரும்? அடை 26 முதல் 28 நாள். நீங்கள் எழுதியது மே முதல் வாரத்தில். அடை இப்போதுதான் தொடங்கியது என்று வைத்துக்கொண்டால் மே கடைசியில் அல்லது ஜூன் முதல் சில நாட்களில் பொரிக்கும். பிறந்தநாள் அதே நேரத்தில் வருகிறது. ஒரு கிழமை தள்ளி வையுங்கள், அல்லது முன்வீட்டிலேயே கொண்டாடிவிட்டு, நண்பர்களைப் பிறகு பின்வளவுக்குக் கூப்பிடுங்கள். மகனிடம் காரணத்தைச் சொல்லுங்கள். ஜன்னலடியில் இருந்து நாளைக் கணக்கு வைக்கும் பொறுப்பையும் அவனிடமே கொடுங்கள்.

பொரிப்பதற்கு முதல் நாளே முட்டைக்குள் இருந்து குஞ்சுகள் கீச்சிடத் தொடங்கும், தாயும் மெல்லக் குரல் கொடுக்கும். பொரித்த குஞ்சுகள் தாயின் அடியில் உலர்ந்து, பெரும்பாலும் அடுத்த நாள் காலையில் வரிசையாகப் புறப்படும். அதற்கு முன் பின்வளவுப் படலையைத் திறந்து, திரும்ப மூடிக்கொள்ளாதபடி கல் வைத்துவிடுங்கள். தாய்க்கு வேலி ஒரு பொருட்டில்லை, பறந்து தாண்டிவிடும். குஞ்சுகளோ வேலிக்கு உள்ளே நின்று கத்திக்கொண்டு ஓரமாக ஓடும். படி உயரமாக இருந்தால் செங்கல்லோ பலகையோ வைத்துச் சரிவாக்குங்கள். இவ்வளவும் செய்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குள் போய்விடுங்கள். துரத்தி வெளியேற்றப் பார்த்தால் தாய் பறந்துவிடும், குஞ்சுகள் ஒன்பது திசைக்கு ஓடும்.

எங்கே போகிறது என்று தாய்க்குத் தெரியும். மலார்ட் ஒரு கிலோமீட்டருக்கு மேல்கூடக் குஞ்சுகளை நடத்திக்கொண்டு போகும். விரும்பினால் தூரத்தில் பின்னால் நடந்து போகலாம், குடியிருப்புத் தெருவில் வரும் வாகனங்களுக்குக் கை காட்டலாம். வழியில் உள்ள மழைநீர் வடிகாலின் இரும்புக் கம்பி இடைவெளிகள்தான் குஞ்சுகளுக்குப் பொறி. கிட்ட உள்ளவற்றின் மேல் அந்தக் காலைப்பொழுதுக்கு மட்டும் பலகை ஒன்றைப் போட்டு வையுங்கள். குஞ்சு உள்ளே விழுந்துவிட்டால் மூடியை நீங்களே கிளப்பப் பார்க்காமல் மாநகராட்சியின் 311 எண்ணுக்கு அழையுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். 401 போன்ற நெடுஞ்சாலையில் தாராவுக்காக வாகனத்தை நிறுத்தாதீர்கள், இறங்கி ஓடாதீர்கள். 2010 ஜூனில் கியூபெக்கின் கண்டியாக் பகுதியில் நெடுஞ்சாலையின் இடது ஓடுபாதையில் தாராக்களுக்காக ஒருவர் காரை நிறுத்தினார். பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த தந்தையும் மகளும் அதில் மோதி இறந்தார்கள். நிறுத்தியவரை 2014இல் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்த்தது. இரக்கத்தோடு செய்த காரியம்தான், ஆனாலும் இரண்டு உயிர் போனது. நெடுஞ்சாலையில் அப்படி ஏதும் கண்டால் பாதுகாப்பாக ஒதுங்கிய பிறகு பொலிசுக்கு அழையுங்கள்.

மாடிக் குடியிருப்பில் இருப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். பல்கனிப் பூச்சாடியிலும் மலார்ட் முட்டையிடும். அங்கே படலை திறந்துவிடும் வழி இல்லை, கீழே கொங்கிரீட். நான்கு பக்கமும் சுவர் உள்ள முற்றத்திலும் இதே சிக்கல். இப்படி இருந்தால் முட்டையைக் கண்ட நாளே காட்டு உயிர்களுக்கு உதவும் ரொறொன்ரோ வைல்ட்லைஃப் சென்டரைத் தொடர்புகொண்டு ஆலோசனை கேளுங்கள். தாயையும் குஞ்சுகளையும் சேர்த்துப் பிடித்து இடம் மாற்றுவது பயிற்சி பெற்றவர்களின் வேலை. குஞ்சுகளை மட்டும் பெட்டியில் போட்டுக் குளத்தில் விட்டால் தாய் வந்து சேராது. முதல் சில கிழமைகள் குஞ்சின் உடல் சூட்டுக்குத் தாயின் சிறகு வேண்டும்.

தாய் போய்விட்டது, ஒரு குஞ்சு மட்டும் தவித்துக்கொண்டு நிற்கிறது என்றால் சற்று நேரம் தள்ளி நின்று பாருங்கள், தாய் திரும்பி வரலாம். வரவே இல்லை என்றால் காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் துவாயை விரித்து அதில் வைத்து, மூடி, சூடான அமைதியான இடத்தில் வைத்துவிட்டு அதே சென்டருக்கு அழையுங்கள். நீந்த விடாதீர்கள், பாணும் பாலும் கொடுக்காதீர்கள். 2021 கடைசியில் இருந்து கனடாவில் காட்டுப் பறவைகளிடம் எச்5என்1 பறவைக் காய்ச்சல் இருக்கிறது. தொட வேண்டி வந்தால் கையுறை போடுங்கள், பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். நோயாகத் தள்ளாடுவதையோ இறந்து கிடப்பதையோ பிள்ளைகளும் நாயும் நெருங்க விடாதீர்கள்.

குடும்பம் போன பிறகு கூட்டில் ஒன்றிரண்டு முட்டை மிஞ்சிக் கிடக்கலாம். அவை பெரும்பாலும் கூழ்முட்டைகள். இரண்டு நாள் விட்டுவையுங்கள், தாய் வராவிட்டால் அதன் பிறகு இடத்தைத் துப்புரவாக்குங்கள்.

குஞ்சு நல்லபடியாகப் பொரித்த இடத்துக்கு அடுத்த வசந்தத்தில் அதே தாய் திரும்பி வர வாய்ப்பு அதிகம். உங்களுக்குச் சம்மதம் என்றால் சீடர் அடியை அப்படியே விடுங்கள், பலகையைக் கராஜில் பத்திரமாக வையுங்கள். நாயும் தடாகமும் இருக்கும் வளவில் வேண்டாம் என்று நினைத்தால் அதிலும் தப்பில்லை. ஆனால் முட்டை இடும் முன்னரே தடுக்க வேண்டும். மார்ச் கடைசியிலேயே சீடர் அடியில் கம்பி வலையால் அடையுங்கள், மூடியில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், சோடியாக வந்து இறங்கும் போதெல்லாம் வெளியே போய் நடமாடுங்கள். இரண்டு மூன்று தடவை எழும்பிப் பறக்க நேர்ந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்.